பணம் யார் கையில் இருக்கிறது?

பெரியநீலாவணை முதல் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களில் உழைப்புக்கு என்றும் குறைவிருந்ததில்லை. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்வெளிகளிலிருந்து நெல்லும், கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரைகளிலிருந்து மீனும், மருதமுனைத் தறிகளிலிருந்து துணியும் நாட்டின் பல பாகங்களுக்கும் செல்கின்றன. கல்முனைச் சந்தையின் வர்த்தகமும், அரசாங்க உத்தியோகத்தர்களின் மாதச் சம்பளமும், வளைகுடா நாடுகளில் பாடுபடுவோர் அனுப்பும் பணமும் இவற்றோடு சேர்கின்றன. ஆனால், இவ்வாறு ஈட்டப்படும் பணத்தில் மிஞ்சுவது எங்கே சென்று சேர்கிறது என்ற கேள்விக்கு நம்மிடம் திருப்தியான பதில் இல்லை.

பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகத்தினரிடமும் இப்பிரதேசத்தில் ஊறிப்போன வழக்கமாகும். ஆகவே, சேமிப்பின் பெரும்பகுதி காணியாகவும் கல்லும் சீமெந்துமாகவும் மாறிவிடுகிறது. மிகுதி நகையாகிறது, சிறிது சீட்டில் போகிறது, சிறிது வங்கியில் கிடக்கிறது. இவற்றில் எதையும் பிழையென்று கூறுவதற்கில்லை. எனினும், இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனம் உண்டு என்பதை அனுபவம் நமக்குக் கற்பித்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கியெழுந்தபோது நாட்டிலேயே மிக அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறையே. அன்று உயிர்களோடு வீடுகளும், வீட்டு அலுமாரிகளில் இருந்த ஆயுட்காலச் சேமிப்பும் போயின. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அதாவது, முந்திய ஆண்டில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய பொருட்களை வாங்க ஏறத்தாழ ஒரு இலட்சத்து எழுபதாயிரம் ரூபா தேவைப்பட்டது. கடலில் போகாத பணம் விலைவாசியில் கரைந்தது.

கையிலுள்ள பணம் கரைகிறது என்ற அச்சம் ஒருபுறம். அதைப் பெருக்கும் வழி தெரியாத நிலை மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையிலான வெற்றிடத்தில்தான் "மாதாமாதம் இவ்வளவு இலாபம் தருகிறோம்" என்று கூறிக்கொண்டு சிலர் நுழைகிறார்கள். இது நமது பிரதேசத்துக்கு மட்டும் உரிய நோயல்ல. மத்திய வங்கியின் மேற்பார்வைக்கு வெளியே நின்று, உயர்ந்த வட்டி தருவதாகக் கூறி வைப்புகளைத் திரட்டிய கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி 2008 டிசம்பரில் வீழ்ந்தபோது சுமார் 26 பில்லியன் ரூபா அதற்குள் அகப்பட்டிருந்தது. பணத்தை இழந்தோரில் படித்தவர்களும் ஓய்வுபெற்ற உயர் அதிகாரிகளும் இருந்தனர். 2023 ஆகஸ்டில் எம்.ரி.எப்.ஈ. என்ற செயலி ஒரே இரவில் கைவிரித்தபோது இலங்கை, பங்களாதேஷ் உட்படப் பல நாடுகளிலும் சாதாரண மக்களின் பணம் மறைந்தது. பிரமிட் திட்டங்களை நடத்துவதும் அவற்றில் ஆட்களைச் சேர்ப்பதும் 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின் கீழ் குற்றமாகும். சட்டம் இருக்கிறது, ஆயினும், அது வந்து சேருமுன் பணம் போய்விடுகிறது.

இத்தகைய திட்டங்களில் பணத்தை இட்டோர் ஏறத்தாழ அனைவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்: "எவ்வளவு தருவீர்கள்?" அதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "என் பணம் யார் கையில் இருக்கும்?" இக்கேள்வியின் அருமையை உணர்வதற்கு, நாட்டில் முப்பது வருடங்களுக்கு மேலாக இயங்கியும் நமது ஊர்களில் அதிகம் அறியப்படாதிருக்கும் ஒரு முதலீட்டு முறையின் அடிப்படைகளைத் தெரிந்துகொள்வது நன்று.

இந்தியாவில் மியூச்சுவல் ஃபண்ட் என்றும் பரஸ்பர நிதியம் என்றும் அழைக்கப்படுவது இலங்கையில் யூனிட் ட்ரஸ்ட், அதாவது அலகு நம்பிக்கை நிதியம் எனப்படுகிறது. பலருடைய சிறு தொகைகளை ஒன்றுசேர்த்து, ஒருவரால் தனித்து வாங்க முடியாத பலவகைச் சொத்துகளை வாங்கி, வரும் இலாபத்தையும் நட்டத்தையும் அவரவர் பங்குக்கேற்பப் பகிர்வதே இதன் சாரம். 1774 இல் அம்ஸ்டர்டாம் நகர வணிகரான ஏப்ரகாம் வான் கெட்விச் இத்தகைய நிதியமொன்றை அமைத்தார். "ஒற்றுமையே பலம்" என்ற பொருளில் அதற்குப் பெயரும் சூட்டினார். இலங்கையில் 1991 இல் நமால் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிறுவனம் முதலாவது அலகு நம்பிக்கை நிதியத்தை ஆரம்பித்தது.

இதன் கணக்கு கடினமானதல்ல. நூறு பேர் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபா வீதம் இடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்த தொகை பத்து இலட்சம் ரூபா. அதை ஓர் இலட்சம் அலகுகளாகப் பிரித்தால் ஓர் அலகின் விலை 10 ரூபா. ஒருவருக்கு ஆயிரம் அலகுகள். அப்பணத்தில் வாங்கப்பட்ட பங்குகளும் பத்திரங்களும் இன்று சந்தையில் 11 இலட்சம் ரூபா பெறுமாயின் அலகின் விலை 11 ரூபாவாகிறது. 9 இலட்சமே பெறுமாயின் 9 ரூபாவாகிறது. இதையே தேறிய சொத்துப் பெறுமதி என்கிறார்கள். புதிதாகச் சேருபவர் அன்றைய விலையில் அலகுகளை வாங்குகிறார். விலகுபவர் அன்றைய விலையில் நிதியத்துக்கே அவற்றை விற்றுச் செல்கிறார். எனவே, முன்னால் வந்தவருக்குப் பின்னால் வருபவரின் பணத்திலிருந்து இலாபம் கொடுக்க வேண்டிய அவசியம் இங்கே எழுவதில்லை. பிரமிட் திட்டத்துக்கும் இதற்கும் உள்ள முதலாவது வேறுபாடு இதுவாகும்.

இரண்டாவது வேறுபாடு அதைவிட முக்கியமானது. அலகு நம்பிக்கை நிதியத்தில் எதை வாங்குவது, எதை விற்பது என்று தீர்மானிப்பது முகாமைத்துவக் கம்பனியாகும். ஆனால், சொத்துகள் அக்கம்பனியின் கையில் இருப்பதில்லை. அவை அதிலிருந்து வேறான நம்பிக்கைப் பொறுப்பாளர் ஒருவரின் பொறுப்பில், பொதுவாக ஒரு வங்கியிடம், முதலீட்டாளர்களின் பேரால் வைக்கப்படுகின்றன. இவ்விரு தரப்பாரையும் மேற்பார்வை செய்வது பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவாகும். 1987 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டத்தால் தோற்றுவிக்கப்பட்ட இவ்வமைப்பு, தற்போது 2021 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. தீர்மானிப்பவர் ஒருவர், காவல் காப்பவர் வேறொருவர், இருவரையும் கேள்வி கேட்பவர் மூன்றாமவர். முகாமைத்துவக் கம்பனி நாளை மூடப்பட்டாலும் நிதியத்தின் சொத்துகள் அதன் கடன்காரர்களுக்கு உரியவையாகிவிடுவதில்லை. கோல்டன் கீயிலும் செயலித் திட்டங்களிலும் பணத்தை வாங்கிய கையும், செலவழித்த கையும், கணக்கு எழுதிய கையும் ஒன்றாகவே இருந்தன. வீழ்ச்சியின் வேர் அங்கேதான் இருந்தது.

அமைப்பு நல்லதாக இருந்தாலும், விலை உண்மையாக இல்லாவிட்டால் பயனில்லை என்பதற்கு அயல்நாட்டு உதாரணம் ஒன்றுண்டு. இந்தியாவில் அரச ஆதரவுடன் 1964 இல் தொடங்கப்பட்ட யூ.எஸ்.64 திட்டத்தைத் தமிழகம் உட்பட அந்நாடெங்கும் நடுத்தரக் குடும்பங்கள் வங்கி வைப்பைப் போலவே நம்பின. அதன் அலகு விலை, உள்ளிருக்கும் சொத்துகளின் பெறுமதியைப் பின்பற்றாமல் நிர்வாகத்தால் தீர்மானிக்கப்பட்டு வந்தது. 2001 ஜூலையில் கொடுக்கல் வாங்கல் திடீரென நிறுத்தப்பட்டபோதுதான், 14 ரூபா அளவில் விலை கூறப்பட்ட அலகுக்குள்ளே 10 ரூபா பெறுமதியும் இல்லை என்பது வெளிச்சத்துக்கு வந்தது. அரசாங்கம் தலையிட்டுச் சிறு முதலீட்டாளர்களைக் காப்பாற்ற நேர்ந்தது. தினந்தோறும் விலையை வெளியிடும் நிதியம் நம்மைச் சில வேளைகளில் கவலைப்படுத்தும். ஆனால், விலை ஒருபோதும் இறங்காத திட்டமே உண்மையில் அஞ்சத்தக்கதாகும்.

இங்கு ஒரு விடயத்தை அழுத்திக் கூற வேண்டியுள்ளது. திருட்டிலிருந்து பாதுகாப்புக் கிடைப்பதும் நட்டத்திலிருந்து பாதுகாப்புக் கிடைப்பதும் ஒன்றல்ல. அலகு நம்பிக்கை நிதியம் முதலாவதற்கு ஓரளவு வேலி கட்டுகிறது. இரண்டாவதற்கு உத்தரவாதம் தருவதில்லை. உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புகளுக்கு ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை காப்புறுதி இருக்கிறது. 2020 இல் த பினான்ஸ் கம்பனியினதும் ஈ.ரி.ஐ. நிதிக் கம்பனியினதும் உரிமங்கள் இரத்துச் செய்யப்பட்டபோது அத்தகைய காப்புறுதியின் முக்கியத்துவம் உணரப்பட்டது. அலகு நம்பிக்கை நிதியங்களுக்கு இக்காப்புறுதி கிடையாது.

நிதியங்களில் வகைகள் பல. குறுகிய காலத் திறைசேரி உண்டியல்களிலும் வங்கி வைப்புகளிலும் பணத்தை இடுவது பணச்சந்தை நிதியம். திறைசேரி முறிகளிலும் கம்பனிகளின் தொகுதிக்கடன்களிலும் இடுவது வருமான நிதியம். கொழும்பு பங்குப் பரிவர்த்தனையில் பங்குகளை வாங்குவது பங்கு நிதியம். இரண்டையும் கலந்து வைப்பது சமநிலை நிதியம். இலங்கை முதலீட்டாளர்களின் பணத்தில் பெரும்பகுதி பணச்சந்தை நிதியங்களிலேயே இருக்கிறது. அவற்றில் ஏற்ற இறக்கம் குறைவு. நீண்டகால வளர்ச்சியும் குறைவு.

பங்கு நிதியத்தின் இயல்பை அறிய 2022 ஆம் ஆண்டு ஒன்றே போதும். ஜனவரியில் 13,000 புள்ளிகளைத் தாண்டியிருந்த அனைத்துப் பங்கு விலைச்சுட்டி, நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்திய ஏப்ரல் மாத முடிவில் 8,000 புள்ளிகளுக்கும் கீழே இருந்தது. இடையில் ஒரு வாரம் சந்தையே மூடப்பட்டது. அந்நேரத்தில் மகளின் திருமணத்துக்காகப் பணத்தை மீளப் பெற வேண்டியிருந்தவருக்கு அது பேரிடி. அவசரமின்றிக் காத்திருந்தவரோ 2025 இல் சுட்டி 20,000 புள்ளிகளைக் கடந்ததையும் கண்டார். ஒரே நிதியம் ஒருவருக்கு நட்டமாகவும் மற்றவருக்கு இலாபமாகவும் அமைந்ததற்குக் காரணம் அவரவர் கையிலிருந்த காலமேயாகும்.

வருமான நிதியமும் முற்றிலும் ஆபத்தற்றதல்ல. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. புதிய முறிகள் கூடிய வட்டி தரும்போது, குறைந்த வட்டி தரும் பழைய முறிகளை எவரும் பழைய விலைக்கு வாங்கமாட்டார்கள். ஆகவே, அவற்றை வைத்திருக்கும் நிதியத்தின் அலகு விலை இறங்குகிறது. வேண்டும்போது பணம் கிடைக்காமற் போவது இன்னொரு ஆபத்து. இந்தியாவில் 2020 ஏப்ரல் 23 இல் பிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் 25,000 கோடி இந்திய ரூபாவுக்கு மேற்பட்ட ஆறு கடன் நிதியங்களை மூடுவதாக அறிவித்தது. கொரோனாக் காலத்தில் பணம் தேவைப்பட்டவர்கள் அதை எடுக்க முடியாமல் தவித்தனர். பின்னர் பணம் தவணை தவணையாகத் திரும்பி வந்ததாயினும், காத்திருக்க முடியாதவருக்கு அது ஆறுதலாகாது.

கட்டணத்தையும் கவனியாமல் விடலாகாது. முகாமைத்துவக் கட்டணம் ஆண்டுதோறும் நிதியத்திலிருந்தே கழிக்கப்படுவதால் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓர் இலட்சம் ரூபா ஆண்டுக்குப் பத்து சதவீதம் வளருமாயின் இருபது ஆண்டுகளில் அது சுமார் 6 இலட்சத்து 73 ஆயிரமாகும். கட்டணமாக இரண்டு சதவீதம் போய் எட்டு சதவீதமே வளருமாயின் சுமார் 4 இலட்சத்து 66 ஆயிரமாகும். இது உதாரணக் கணக்கே. எந்த நிதியமும் இவ்வாறு சீராக வளர்வதில்லை. ஆயினும், இரண்டு சதவீதம்தானே என்று அலட்சியமாக விடுவது இறுதியில் இரண்டு இலட்சம் ரூபாவாகிறது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

முஸ்லிம் வாசகர்களின் மனத்தில் எழும் கேள்வி வேறானது. இதில் வட்டி கலக்கவில்லையா என்பதே அது. பணச்சந்தை, வருமான நிதியங்களில் பெரும்பாலானவை வட்டியையே வருமானமாகக் கொண்டவை என்பதை ஒளிக்காமல் கூறிவிட வேண்டும். ஷரீஆ நெறிக்குட்பட்ட நிதியங்கள் இதற்கு மாற்றாக உள்ளன. இலங்கையில் நமால் நிறுவனம் அமானாவுடன் இணைந்து 1990 களின் பிற்பகுதியிலேயே இத்தகைய பங்கு நிதியமொன்றைத் தொடங்கியது. இந்நாட்டில் இஸ்லாமிய வங்கி முறைக்கு இடமளித்த 2005 ஆம் ஆண்டின் வங்கித்தொழில் திருத்தச் சட்டத்துக்கும், 2011 இல் அமானா வங்கி உதயமானதற்கும் முந்திய முயற்சி அது. மது, சூதாட்டம், வட்டித் தொழில் போன்றவற்றில் ஈடுபடும் கம்பனிகளை இந்நிதியங்கள் விலக்குகின்றன. கம்பனியின் வட்டிக் கடன் அதன் சந்தைப் பெறுமதியில் 30 சதவீதத்தை மிஞ்சலாகாது, ஆகாத வழி வருமானம் 5 சதவீதத்தை மிஞ்சலாகாது என்பவை பஹ்ரைனைத் தளமாகக் கொண்ட இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்கீட்டு அமைப்பின் அளவுகோல்கள். அவ்வாறு கலந்துவிட்ட சிறு பகுதியும் கணக்கிடப்பட்டுத் தர்மத்துக்கு ஒதுக்கப்படுகிறது.

ஒருவர் முதலையும் மற்றவர் உழைப்பையும் இட்டு வணிகம் செய்யும் முழாரபா முறை நமக்குப் புதியதல்ல. அன்னை கதீஜா (ரழி) அவர்களின் சரக்கோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிரியா நோக்கி வணிகப் பயணம் மேற்கொண்ட வரலாறு நமது பிள்ளைகளும் அறிந்ததே. அம்முறையில் இலாபம் முன்கூட்டியே இணங்கிய விகிதத்தில் பகிரப்படும். உழைப்பவரின் மோசடியோ கவனக்குறைவோ இல்லாதவிடத்து நட்டம் முதலுக்கு உரியவரைச் சாரும். ஆகவே, "முழாரபா அடிப்படையில், ஓர் இலட்சத்துக்கு மாதம் இத்தனை ஆயிரம் நிச்சயம்" என்று ஒருவர் கூறுவாராயின், அவ்வாக்கியத்தின் பிற்பாதி முற்பாதியைப் பொய்யாக்கிவிடுகிறது. நிச்சயமான தொகையை வாக்களிப்பவர் முழாரபா செய்யவில்லை. அவர் தாடி வைத்திருப்பதோ, பள்ளிவாசலுக்கு வாரி வழங்குவதோ கணக்கறிக்கைக்கு ஈடாகாது.

நல்ல நோக்கமுள்ள நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ஹஜ் பயணத்துக்காகச் சாதாரண மக்கள் சிறுகச் சிறுகச் சேமிப்பதற்காக 1960 களின் தொடக்கத்தில் மலேசியாவில் உருவாக்கப்பட்ட தாபுங் ஹாஜி, முஸ்லிம் உலகமே மெச்சிய அமைப்பாகும். அதிலும்கூட, சொத்துகளை விடப் பொறுப்புகள் அதிகமாகிவிட்ட நிலையில் பங்காதாயம் வழங்கப்பட்டிருந்தது 2018 இல் தெரியவந்தது. அந்நாட்டு அரசாங்கம் அதை மறுசீரமைக்க வேண்டியதாயிற்று. இறையச்சம் கணக்காய்வை வேண்டாமென்று சொல்வதில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறும் சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் திருக்குர்ஆனே பணிக்கிறது.

அப்படியாயின், எல்லோரும் உடனே அலகு நம்பிக்கை நிதியத்தில் பணத்தை இட வேண்டுமா? இல்லை. அடகில் நகையும் கடையில் கடனும் இருப்பவருக்கு அவற்றை மீட்பதே முதன்மையான முதலீடு. அடுத்த போகத்தின் விதைநெல்லுக்கும் உரத்துக்கும் வைத்திருக்கும் பணத்தைப் பங்கு நிதியத்தில் இடும் விவசாயி தன் வயலையே பணயம் வைக்கிறார். சில மாதச் செலவுக்குரிய தொகையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பின்னர், குறைந்தது ஐந்து வருடங்களுக்குத் தேவைப்படாத பணம் எவரிடம் உண்டோ அவருக்கே பங்கு நிதியம் பொருத்தமானது. மாதாமாதம் ஒரு சிறு தொகையை இட்டுவரும் ஆசிரியருக்கோ வெளிநாட்டில் உழைப்பவருக்கோ, விலை குறைந்த மாதத்தில் கூடுதலான அலகுகள் கிடைப்பது இம்முறையின் ஓர் அனுகூலம். கல்வீட்டை இடையில் பாதி விற்க முடியாது. அலகுகளைப் பாதியாகவும் விற்கலாம் என்பது மற்றொன்று.

இவ்விடயத்தில் பொறுப்பு முதலீட்டாளருடையது மட்டுமல்ல. நிதியங்களின் விளக்கக் கையேடுகளும் ஆண்டறிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே தயாரிக்கப்படுகின்றன. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாக இருக்கையில், தமிழ் பேசும் முதலீட்டாளர் தமக்கு விளங்காத மொழியிலுள்ள பத்திரத்தில் கையொப்பமிட நேர்வது நியாயமாகாது. ஒவ்வொரு நிதியமும் தனது கட்டணம், ஆபத்து, சொத்துப் பட்டியல் ஆகியவற்றைத் தெளிந்த தமிழில் வெளியிட வேண்டுமென்று ஆணைக்குழு வலியுறுத்த வேண்டும். போலித் திட்டக்காரர்கள் நம் வீட்டு வாசலுக்கு வந்து நம் பேச்சுத் தமிழிலேயே பேசுகிறார்கள். சட்டபூர்வமான நிறுவனங்களோ கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் பேசுகின்றன. ஏமாற்றத்தின் பாதிக் காரணம் இவ்விடைவெளியாகும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இதில் செய்யக்கூடியது நிறைய உண்டு. எந்தத் திட்டத்தையும் சிபாரிசு செய்வது அவற்றின் வேலையன்று. தமது மேடையை எந்த முதலீட்டுத் திட்டத்தின் விளம்பரத்துக்கும் கொடாதிருப்பதும், மத்திய வங்கி வெளியிடும் தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலையும் ஆணைக்குழு வெளியிடும் உரிமம் பெற்ற கம்பனிகளின் பட்டியலையும் அறிவித்தற் பலகையில் ஒட்டி வைப்பதுமே பெரும் சேவையாகும்.

பணத்தைக் கேட்டு வருபவர் எவராயினும், உறவினராயினும் ஊரவராயினும், நாம் வினவ வேண்டியவை சில. உங்களுக்கு உரிமம் அளித்தது யார்? என் பணத்தைக் காவல் காப்பது நீங்களா, வேறொருவரா? அது எதில் இடப்பட்டிருக்கிறது? இன்றைய விலையை நான் எங்கே பார்க்கலாம்? நீங்கள் எடுத்துக்கொள்ளும் கட்டணம் எவ்வளவு? நட்டம் வந்தால் என்ன நடக்கும்? இவற்றுக்கு எழுத்தில் பதில் தருபவரோடு மேற்கொண்டு பேசலாம். "என்னை நம்பவில்லையா?" என்று மனம் நோகிறவரிடம் ஒரு ரூபாவும் கொடுக்கலாகாது. வயலிலும் கடலிலும் பாலைவனத்திலும் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்துக்கு இத்தனை கேள்விகளும் அதிகமல்ல.